அமரர் என்று பொறித்த கல்

பட்டுத் திரை விலகியதும் முதலில் படித்தவர் அந்த அம்மாள்தான். எழுத்துக் கூட்டி, வாய்விட்டு. "அ-ம-ரர்..." பிறகு தன் பெயர். பிறகு "நினைவாக". மஞ்சள் பூசிய முகம், பெரிய குங்குமப் பொட்டு, தலை நிறைய மல்லிகை. உயிரோடு, கல்லுக்கு எதிரே, நின்றுகொண்டிருந்தார். என் கையிலிருந்த தாம்பாளம் சாய்ந்து எலுமிச்சம்பழங்கள் உருண்டன. யாரும் குனியவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகப் பிரசவம் பார்க்கும் சின்ன விடுதி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தோம். ஒரே அறை. இடமில்லாதவர்கள் வராந்தாவில், மழைச் சாரலில். இன்னோர் அறை கட்டித்தர மலைக்கோட்டைக் கடைவீதி ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் ஒப்புக்கொண்டார். அதற்கு அன்று அடிக்கல் நாட்டு விழா. முதலாளி மனைவியோடு வந்திருந்தார்.

எங்கள் செயலாளர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மாதந்தோறும் கடைக்குப் போய் முதலாளியைப் பார்ப்பார். ஒருநாள் முதலாளி, "வீட்டுல ஆசைப்பட்டாங்க. அவங்க பேருலயே இருக்கட்டும்" என்றாராம். ஆசைப்பட்டாங்க. இலக்கணம் அதை இறந்தகாலம் என்கிறது. தமிழாசிரியர் அப்படியே நம்பிவிட்டார். கண்கூடக் கலங்கினாராம். நேரே கல் தச்சரிடம் போய்விட்டார்.

கல்லைப் பார்த்த முதலாளியின் முகம் வெளுத்து, பிறகு கறுத்தது. "உசுரோட இருக்கிறவளைக் கல்லுல ஏத்திட்டீங்களேய்யா! வா, போலாம். ஒத்தைச் செங்கல் கிடையாது இவங்களுக்கு."

வராந்தாவிலிருந்து நிறைமாதப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அறை போயிற்று.

அம்மாள் நகரவில்லை.

"இருங்க. வருசம் பூரா இவரோட பேசிட்டு, நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் வீட்டுல இருக்கேன்னு சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?" பிறகு செயலாளரிடம் திரும்பினார். "ஏன் வாத்தியாரய்யா, வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு ஒரு தடவை கேட்டிருந்தா நான் பொழைச்சிருப்பேன்ல?"

யாரோ சிரித்துவிட்டு, பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"கல்லை எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாங்க, பேசலாம்."

உறையூரில் அவர்கள் வீடு. காபி வந்தது. செயலாளர் அறையின் வரைபடத்தை விரித்தார். அம்மாள் அதைப் பார்க்கவே இல்லை.

"அன்னிக்கு ஓரமாப் படுத்திருந்துச்சே, பச்சைப் புடவை, அது எந்த ஊரு? பேரென்ன? குழந்தை பொறந்துச்சா?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

"அவங்களையும் தெரியாதா?" கோபமில்லை அந்தக் குரலில். வெறும் திகைப்பு. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. "சரி. அடுத்த வெள்ளி வாங்க. கேட்டுக்கிட்டு வாங்க."

அறை எழும்பியது, பல வெள்ளிக்கிழமைகள் கழித்து, அம்மாள் கேட்டதற்கெல்லாம் நாங்கள் பதில் சொல்லப் பழகிய பிறகு. ஆனால் என்னை இன்றும் உலுக்குவது அந்த முதல் வெள்ளியின் மாலைதான். டவுன் பஸ் பிடித்து அவசரமாக விடுதிக்குத் திரும்பினோம். பச்சைப் புடவை படுத்திருந்த இடத்தில் வேறொருத்தி படுத்திருந்தாள்.

செயலாளர் அவள் பக்கத்தில், தரையில், வேட்டி அழுக்காகுமே என்று பாராமல் உட்கார்ந்தார். "எந்த ஊரும்மா?" என்றார்.

அந்தப் பெண் பதறி எழுந்து உட்கார்ந்தாள். "நான் என்னங்கய்யா தப்பு பண்ணேன்?"