மணி கேட்டால் நில்

போன வாரம் கச்சேரி ரோட்டில் ஒரு சைக்கிள்காரன் என்னைத் திட்டிவிட்டுப் போனான். புதிதில்லை. இந்த வயதில் தெருவில் இறங்கினால் தினம் ஒருவராவது திட்டத்தான் செய்கிறார்கள். மருந்துக் கடைக்குப் போய்விட்டு ஓரமாகத்தான் வந்துகொண்டிருந்தேன். அவன் பால் பாக்கெட் பெட்டிகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு, வரக்கூடாத பக்கத்தில் என் முதுகுக்குப் பின்னால் வந்தான். மணிச் சத்தம் கேட்டது. நான் நின்றுவிட்டேன். நட்டுவைத்த கம்பம் மாதிரி.

“இன்னா பாட்டி, நடுவுல நின்னுக்கினு கீற? மணி அடிக்கிறது காதுல வுழல?”

காதில் விழுந்ததால்தானே நின்றேன். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வராது. நல்ல பதிலெல்லாம் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் வரும். அவன் என்னைச் சுற்றிக்கொண்டு போகும்போது பால் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி என் தோளில் விழுந்தது. ஜில்லென்று இருந்தது. அப்படியே முதுகில் இறங்கியது.

முதுகில் தண்ணீர் இறங்குவது எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் அந்தத் தண்ணீர் வேறு. உப்பும் கவிச்சியும் கலந்த தண்ணீர். மீன் கூடையைத் தலையில் வைத்தால் கொஞ்ச தூரத்திலேயே கூடையின் கண் வழியாகச் சொட்ட ஆரம்பித்துவிடும். முதலில் காது மடலில், பிறகு கழுத்தில், பிறகு ரவிக்கைக்குள். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அந்த வாசனை போகாது. நான் கூடை தூக்காத காலத்திலேயே அம்மாவின் கூடை வாசனை என்மேல் ஒட்டியிருந்தது; பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தினமும் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவாள். அவளைக் குறை சொல்லவில்லை. நானும் தள்ளி உட்கார முடிந்தால் என்னை விட்டே தள்ளி உட்கார்ந்திருப்பேன்.

சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் எங்கள் வீடு. நைனா கட்டுமரத்தில் போவார். அவர் கொண்டுவரும் மீனை அம்மா தலையில் வைத்துக்கொண்டு கச்சேரி ரோடு வழியாக லஸ், ஆழ்வார்பேட்டை வரைக்கும் போய் விற்றுவிட்டு வருவாள். சில நாள் மாம்பலம்கூடப் போவதுண்டு. அப்போது மாம்பலத்தில் வீடுகளைவிட வீடு கட்டக் கொட்டிய செங்கல்தான் அதிகம். நான் காலையில் லஸ் வரைக்கும் அம்மாவின் பின்னால் போய்விட்டு, மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்துவிடுவேன்.

நான் எதற்கு அம்மாவின் பின்னால் போனேன் என்று கேட்பீர்கள். தலையில் சும்மாடு கட்டி, அதன்மேல் ஈரக் கூடையை ஏற்றிவிட்டால் கழுத்து திரும்பாது. திருப்பவும் கூடாது. திருப்பினால் கூடை சாயும், கூடை சாய்ந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. முன்னால் வருவதை அம்மா பார்த்துக்கொள்வாள். பின்னால் வருவதைப் பார்க்க என்னை வைத்திருந்தாள். ஆனால் எனக்கோ குரலே எழும்பாது. பின்னால் மாட்டு வண்டி வந்தால்கூட அதன் மாட்டுக்குக் கேட்காதபடிதான் சொல்லுவேன்.

“நீ சொல்றதுக்குள்ள வண்டி என்மேல ஏறி அந்தாண்ட பூடும்மே,” என்பாள் அம்மா, சிரித்துக்கொண்டே. சிரிக்கும்போதும் கூடை ஆடாது.

அதனால் அவளே ஒரு சட்டம் வைத்திருந்தாள். மணி கேட்டால் நின்றுவிட வேண்டும். ஒதுங்கக் கூடாது. “வர்றவனுக்குக் கண்ணு கீது. கழுத்து திரும்புது. அவன் சுத்திக்கினு போவட்டும். நாம ஒதுங்குனா அவன் எங்க வர்றான்னு நமக்குத் தெரியுமா?” இதுதான் அவள் சொன்ன நியாயம். இதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் எல்லோரும் ஒழுங்காகப் போனார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன். காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் ஒருத்தன் தோளில் ஒருத்தன் கை போட்டுக்கொண்டு, மூன்று சைக்கிளாக ரோட்டை அடைத்துக்கொண்டு பேசியபடியே வருவார்கள். லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு மிதிக்காமலே போவார்கள். டிராமுக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள இடுக்கில் புகுந்து, இறங்குகிறவர்களின் காலில் ஏற்றுவார்கள். எங்களைப் பார்த்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டுமே, அதனால் ஒற்றைக் கையால் ஓட்டுவார்கள். அந்த ஒற்றைக் கைதான் பயம்.

இருட்டுகிற நேரத்தில் சைக்கிளில் எண்ணெய் விளக்கு ஏற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார். ஆனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் குற்றமில்லை. அதனால் தூரத்தில் சிவப்புத் தலைப்பாகையைப் பார்த்ததும் விளக்கில்லாதவர்கள் எல்லாரும் குதித்து இறங்கிவிடுவார்கள். மிதிக்காமல் தள்ளினால் பின்சக்கரத்திலிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, அது தெரு முழுக்கக் கேட்கும். குப்பத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. டிக் டிக் கேட்டால், “எங்கியோ போலீசு நிக்கிறான்டா,” என்போம். மரியாதைக்காக யாரும் சைக்கிளை விட்டு இறங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

எங்களுக்குத் தினமும் எதிரில் வராமல் பின்னாலேயே வருகிற ஒருவர் இருந்தார். ஏதோ ஆபீசில் குமாஸ்தா. கோயில் குளக்கரைப் பக்கத்து ஐயர். பஞ்சகச்சம், அதன்மேல் கறுப்புக் கோட்டு, தலைப்பாகை. சைக்கிள் பாரில் நீளமாக ஒரு குடை கட்டியிருப்பார். அவர் பெயர் தெரியாததால் குடைக்காரர் என்போம். அவருடைய மணி விரிசல் விட்டது. கிண் என்று அடிக்காமல் கெர்க் என்று இருமும். அவர் அவசரக்காரர். அம்மா நிற்பதைப் பார்த்தால் அவருக்கு எரிச்சல் வந்துவிடும். நிறுத்தாமல் இருமவைப்பார். அம்மா நிற்பாள். கடைசியில் அவர்தான் முணுமுணுத்துக்கொண்டே வளைத்துப் போவார்.

“இன்னா சாமிக்கு நம்ம மேல இவ்ளோ ஆசை,” என்பாள் அம்மா. “தெனமும் கச்சேரி பண்ணிட்டுப் போறாரு.”

அம்மாவுக்கு நான் படிக்க வேண்டும் என்று இருந்தது. குப்பத்தில் பெண் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பு தாண்டினாலே பெரிய பேச்சு. நான் ஐந்தில் இருந்தேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம். அங்கே ஆறாவதில் சேர்ந்தால் மேலே டீச்சர் வேலைக்குப் படிக்க வைப்பதாக மதர் சொல்லியிருந்தார்கள். நைனாவுக்கு இஷ்டமில்லை. “அவளும் ஒரு கூடை தூக்கினா கொஞ்சம் மூச்சு வுடலாம்,” என்பார். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். “என் கழுத்து நிக்கிற வரைக்கும் அவ படிப்பா.” அப்படித்தான் என் படிப்பு அவள் கழுத்தின்மேல் உட்கார்ந்திருந்தது, சங்கராவுக்கும் நெத்திலிக்கும் பக்கத்தில்.

ஒரு நாள் மழை பெய்து விட்டிருந்தது. கச்சேரி ரோடு சேறாகக் கிடந்தது. கெர்க் கெர்க் என்று மணி வந்தது. அம்மா வழக்கம்போல நின்றாள். குடைக்காரர் வளைக்கப் பார்த்து, வழுக்கி, காலை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் சாணி. பஞ்சகச்சம் முழங்கால் வரைக்கும் பாழ்.

“ஏண்டி, மாடு மாதிரி வழியை மறிச்சுண்டு நிக்கறியே, உனக்குச் சூடு சொரணை கிடையாதா? மாடுகூட மணி அடிச்சா நகர்றது.”

வெற்றிலைக் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா நேராகப் பார்த்தபடி நடக்க ஆரம்பித்தாள். அவளுக்கு வாய் உண்டு. குப்பத்தில் அவளோடு சண்டைக்கு நிற்க ஆள் கிடையாது. ஆனால் தலையில் பாரத்தோடு சண்டை போட முடியாது. கொஞ்ச தூரம் போன பிறகு, “ஒரு அடி ஒதுங்குனா எனக்கு இன்னா கொறஞ்சா பூடும்,” என்றாள். என்னிடம் சொன்னது போலவும் இல்லை.

மறுநாள் அதே ரோடு. வலது பக்கத்தில் ஒரு ஜட்கா, குதிரையும் வண்டியுமாக நின்றிருந்தது. பின்னால் கெர்க் என்று ஒரே ஒரு தடவை கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். குடைக்காரர் அம்மாவை முன்கூட்டியே பார்த்துவிட்டு, நிற்பாள் என்ற நிச்சயத்தில், மெதுவாக ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினார். அதே நேரத்தில் அம்மா, வாழ்க்கையில் முதல் தடவையாக, இடது பக்கம் ஒதுங்கினாள்.

கூடை ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், அவர்கள் இருவரும் நடுவில்.

“நீ நிப்பேன்னுதானே வளைச்சேன்,” என்றார் அவர், தரையில் உட்கார்ந்தபடி.

“நீ திட்டுனியேன்னுதான் சாமி ஒதுங்குனேன்,” என்றாள் அம்மா.

ஜட்காக்காரன் மேலிருந்து சிரித்தான். “ஒருத்தருக்கு ஒருத்தர் மரியாத பண்ணிக்கினே வுழுந்தீங்க. போங்க.”

காக்கைகள் வந்துவிட்டன. மீன் ரோடு பூராவும் கிடந்தது. அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குடைக்காரர் சைக்கிளிலிருந்து குடையை அவிழ்த்தார். விரித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மீன்களின்மேல் பிடித்தார். காக்கை வரும்போதெல்லாம் குடையை ஆட்டினார். எங்கள் குப்பத்து ஆட்கள் வந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அப்படியே நின்றார். ஆபீசுக்கு எத்தனை நேரம் ஆகியிருக்குமோ. வெற்றிலைக் கடையில் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அடிபட்ட கழுத்துக்கு உளுந்து மாவும் முட்டையும் குழைத்துக் கட்டுப் போட்டார்கள். வலி போயிற்று. கழுத்து கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தபடி நின்றுவிட்டது. பார்க்க, யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறவள் மாதிரி இருப்பாள். அதன்மேல் எதையும் வைக்க முடியாது. ஒரு குடம் தண்ணீர்கூட.

யாரும் எனக்கு ஆணையிடவில்லை. நைனாகூட. ஒரு நாள் காலையில் அம்மா பழைய துணியைச் சுருட்டிச் சும்மாடு செய்து என் தலையில் வைத்துப் பார்த்தாள். பெரிதாக இருந்தது. பிரித்துச் சின்னதாகச் சுருட்டினாள். “ஒரு மாசந்தான்மே,” என்றாள். சாய்ந்த கழுத்தோடு சொன்னதால் என்னைப் பார்த்துச் சொன்னாளா, கூடையைப் பார்த்துச் சொன்னாளா என்று தெரியவில்லை.

முதல் வாரம் நான் “மீனு” என்று ஒரு தடவைகூடக் கூவவில்லை. கூடையோடு போய்க் கூடையோடு வந்தேன். கச்சேரி ரோட்டில் முஸ்லிம் வீட்டுப் பீவியம்மா ஒருத்தர் ஜன்னல் திரையை விலக்கி, “இன்னா புள்ளே, மீனு விக்கிறியா, சாவு வூட்டுக்குப் போறியா?” என்று கேட்டார். பிறகு அவரே உள்ளே இருந்தபடி அக்கம்பக்கத்துக்கெல்லாம் குரல் கொடுத்து என் மீனை விற்றுக் கொடுத்தார். கூவ நான் பழகியது அவரைப் பார்த்துத்தான்.

எனக்குப் பின்னால் வர யாரும் இல்லை. தம்பிகள் சின்னவர்கள். மணி கேட்டால் நின்றேன். மூக்கைப் பிடித்தவர்கள் திட்டினார்கள், நின்றேன். அப்படி நிற்கும்போதுதான் ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டது. டிக் டிக் டிக். பட்டப்பகல். முன்னால் போலீஸ்காரர் யாரும் இல்லை. சத்தம் எனக்குப் பின்னால் மெதுவாக வந்து, பக்கவாட்டில் நகர்ந்து, முன்னால் போயிற்று. குடைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். வெற்றிலைக் கடை தாண்டிய பிறகுதான் ஏறினார். மறுநாளும் அப்படியே. வருஷக்கணக்காக அப்படியே. எனக்குக் கழுத்து திரும்பாது, அதனால் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. அந்தக் கெர்க் மணியை அதன் பிறகு அவர் எனக்கு அடித்ததும் இல்லை.

ஒரே ஒரு தடவை பக்கத்தில் வந்ததும் நடையைக் குறைத்து, “எதுவரைக்கும் படிச்சே?” என்று கேட்டார்.

“அஞ்சு,” என்றேன். அவரிடம் நான் பேசிய ஒரே சொல் அதுதான். சக்கரம் மட்டும் டிக் டிக் என்று போயிற்று.

அவர் இறங்கித் தள்ளியதால் என் பள்ளிக்கூடம் திரும்பி வந்துவிடவில்லை. அம்மாவின் கழுத்தும் நிமிரவில்லை. இருந்தாலும் அந்தப் பத்தடி தூரத்தில் மட்டும் எனக்குப் பின்னால் என்ன வருகிறது என்ற பயம் இருக்காது. பிறகு எப்போதோ அந்தச் சத்தம் வருவது நின்றுபோயிற்று. மாற்றலாகிப் போனாரோ, என்ன ஆனாரோ, பெயர் தெரியாதவரைப் பற்றி யாரிடம் விசாரிப்பது?

இப்போது டிராம் இல்லை, ஜட்கா இல்லை. பீவியம்மா வீடு இருந்த இடத்தில் செருப்புக் கடை. தலையில் கூடையோடு யாரும் கச்சேரி ரோட்டில் நடப்பதில்லை. மீன் ஆட்டோவில் போகிறது. போன வாரம் என் தலையிலும் எதுவும் இல்லை. மருந்துப் பை கையில்தான் இருந்தது. அன்றைக்குத் திரும்பிப் பார்த்து ஒதுங்கியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. பால்காரன் திட்டி முடித்துப் போன பிறகும், பின்னால் ஸ்கூட்டரும் ஆட்டோவும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நான் நேராகப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன். யாராவது இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டால் நடக்கலாம் என்று.