திரையைத் திருப்பியவர்

இண்டர்நெட் புதிதாக வந்திருந்த காலம். எங்கள் ஊர் ஆயர் ஈத்தாம் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அக்காவுக்கு மூக்கு நுனியில் கண்ணாடி. எந்தக் கணக்கானாலும் கணினித் திரையை நம் பக்கம் திருப்பிவைத்துத்தான் போடுவார்.

வயிற்றில் இருந்த என் பிள்ளையின் அளவுகளையும் என் கடைசி மாதவிலக்குத் தேதியையும் ஓர் அமெரிக்க இணையப் பக்கத்தில் தட்டினார். வளர்ச்சி போதாது என்று வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவங்க மாசத்த முதல்ல போடுவாங்க லா! நான் மே மூணுன்னு 3/5 போட்டத மார்ச் அஞ்சுன்னு எடுத்து, ரெண்டு மாசம் கூட்டிக்கிச்சு. தப்பு என்னோடது தங்கச்சி, உன் பிள்ளையோடது இல்ல."

மாற்றித் தட்டினார். வளர்ச்சி சரியாகவே இருந்தது.

பிறகு எத்தனையோ மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன். திரை எப்போதும் அவர்கள் பக்கமே திரும்பியிருக்கிறது.