சகஜமான காமாலைன்னு சொன்னாங்க

எம் பொண்ணு செல்வி என் மூஞ்சியைப் பாத்து, "நீ யாரு?"ன்னு கேட்டா. அங்கேர்ந்தே சொல்றேன், அக்காங்களே.

சுனாமிக்கு முந்தின வருஷம் அது, வெயில் காலம். மழையே இல்ல. திருவொற்றியூர்ல எங்க குப்பத்துக் குழாயில தண்ணி வர்றதே அபூர்வம். வந்தாலும் சாக்கடை நாத்தம். துணியில வடிகட்டிக் குடிச்சோம். வேற இன்னா பண்றது? வூட்டுக்கு ஒரு புள்ளைக்குக் கண்ணு மஞ்சளாச்சு. செல்வி அப்போ ஆறாங்கிளாஸ். ஒரே வாந்தி, சோறு எறங்கல. எல்லாரையும் மாதிரி நானும் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன். மத்த புள்ளைங்க தேறிச்சுங்க. இவளுக்கு மட்டும் நாக்கு குழறிச்சு. பெத்தவளையே தெரியல.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடினோம். எதிர்வூட்டு கஸ்தூரி மக அம்முவும் அதே கோலத்துல அங்க கெடந்தா. ரத்தம் பாத்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க:

"இது ஏ வகை காமாலைம்மா. திடீர்னு காமாலைன்னு வர்ற புள்ளைங்கள்ல நெறைய பேருக்கு இதான். கெட்ட தண்ணியால வர்றது. ரொம்ப சகஜம். பெரும்பாலும் தானா சரியாயிடும். எங்கியோ ஒருத்தருக்குத்தான் ஈரல் கெட்டுப்போயி, மூளையும் இப்படிக் கலங்கும்."

சகஜமாம்! அந்த எங்கியோ ஒருத்தரு, எங்க ஒரே சந்துல ரெண்டு பேரு.

வராண்டாவுல உக்காந்து எங்க எல்லையம்மனைக் கூப்பிட்டேன். வேண்டுதல் இல்ல அது, சண்டை. "உங்கிட்ட இன்னா கேட்டேன் நானு? குடிக்கத் தண்ணிதான் குடுக்கல, எம் பொண்ணையாவது குடு!" கஸ்தூரி கண்ணை மூடிகினு, "தாயே, ரெண்டு கொழந்தையும் வூட்டுக்கு அனுப்பு"ன்னு சொல்லிகினே இருந்தா. ரெண்டு பேருக்கும் சேத்துக் கேட்டவ அவ.

காலையில செல்வி கண்ணைத் தொறந்து, "அம்மா, தண்ணி"ன்னா. எனக்கு உசுரு வந்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே அம்மு போயிட்டா.

தெளிஞ்சதும் செல்வி, "அம்மு எங்கம்மா?"ன்னு கேட்டா. வாயில கஞ்சியை ஊத்தினேன்.

தண்ணி ஆபீஸ்காரர் வந்து, "தண்ணியெல்லாம் நல்லாத்தான் கீது"ன்னாரு. பொம்பளைங்க நாங்க காலிக் கொடத்தோட ரோட்டுல குந்திட்டோம். கஸ்தூரிதான் முன்னால. அப்புறந்தான் தோண்டினாங்க. குழாய் துருப்புடிச்சு ஓட்டையாகி, சாக்கடையிலயே முங்கிக் கெடந்துச்சு. இதை ஒரு மாசம் முன்னால தோண்டியிருந்தா?

ஆடி மாசம் கூழ் ஊத்தறப்போ ஒருத்தி கஸ்தூரி காதுபடவே சொன்னா: "செல்வி அம்மா பக்தி ஜெயிச்சுது. இவ வேண்டுதல்ல இன்னா கொறையோ."

"வாயை மூடுமே! அவ கேட்டதுல பாதிகூட நான் கேக்கல"ன்னேன்.

அதுக்கப்புறம் கஸ்தூரி கோயில் பக்கமே வரல. நானும் கூப்பிடல.

செல்வி இப்போ காலேஜ் போறா. அம்மன் எனக்குக் குடுத்தா. அதை இல்லன்னு சொன்னா எம் நாக்கு அழுகிடும். கஸ்தூரிக்கு ஏன் குடுக்கலன்னு எனக்குத் தெரியாது. அந்தக் கசப்போடதான் நான் தெனமும் வெளக்கு ஏத்துறேன். அம்மனும் அதை வாங்கிக்கிறா.

நீங்களும் நம்புங்க. கோவம் வந்தாலும் அவகிட்டயே கொட்டுங்க. தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க. கேட்டும் கெடைக்காத ஒரு தாயி உங்க தெருவுல இருந்தா, அவளுக்கு பக்தி சொல்லித்தராதீங்க. சோறாக்கி எடுத்துகினு போயி, அவளை ஒரு வாய் துன்ன வையுங்க.