தாழம்புதர் ஓடை

இதை எழுத ஆறேழு வருடம் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் தடுத்தது அதுவல்ல, வெட்கம்.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் கண்மாய் வறண்டு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஊர் கூடி முள்ளை வெட்டித் தூர்வாரினோம். கரையில் நாவலும் மருதமும் நட்டோம். மழை பெய்தும் தண்ணீர் வந்து சேரவில்லை. வரத்து வாய்க்கால் எங்கே ஓடியது என்று சொல்லப் பழைய ஆட்கள் யாரும் உயிரோடு இல்லை.

வேலையை முன்னின்று நடத்திய பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார்.

“பாய், தண்ணி எங்கன வந்துச்சுன்னு ஒங்க அத்தா ஏதும் சொல்லிருக்காகளா?”

“இல்லண்ணே. எனக்கென்ன தெரியும்.”

எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்துப் பழைய பத்திரத்தில் நான்கு எல்லைகளில் ஒன்று, ‘தாழம்புதர் ஓடைக்குக் கிழக்கு’. கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது அந்த ஓடை வழியாகத்தான். அத்தா, என் தகப்பனார், அந்த ஓடையை நிரவித் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டார். அதன்மேல்தான் என் திராட்சைப் பந்தல் நின்றது.

ஊர் உத்தேசமாக வேறு பக்கம் வாய்க்கால் வெட்டியது. தப்பான இடம் என்று தெரிந்தே நானும் மண் சுமந்தேன். இரண்டு வருடம். கன்றுகளுக்குக் குடத்தில் ஊற்றியும் பாதிக்கு மேல் காய்ந்தன. தொழுகைக்கு முன் ஒளுச் செய்யக் கையில் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் மனசு உறுத்தும்.

ஒருநாள் மழைக்காகத் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சொன்னாள்:

“பத்திரத்தப் பொட்டியில பூட்டிட்டு அல்லாகிட்ட மழை கேட்டுட்டு வாறீகளாக்கும். அவன் குடுத்தா, எந்த வழியா வரும்?”

மறுநாள் விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டக்காரரிடம் போனேன். அவர் அந்த வரியை விரல் வைத்து இரண்டு தடவை வாசித்தார்.

“ரெண்டு வருசம் மண்ணு சொமக்க விட்டீகளே பாய். என் இடுப்புக்கு என்ன பதில் சொல்லப் போறீக?”

வேலிக்கு அந்தப் பக்கம் தெரிந்த என் திராட்சைப் பந்தலைக் கை காட்டினேன்.

“எத்தன வரிசை போகும்?”

“மூணு.”

“உக்காருங்க. டீ குடிச்சிட்டுப் போவம்.”

பந்தலின் கல்தூண்களைப் பிடுங்கித் தோண்டினோம். இடுப்பளவு ஆழத்தில் ஓடை மணல் தெரிந்தது. அடுத்த மழைக்குக் கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பத்திரத்தில் இருந்த பெயரை நம்பி ஓடைக்கரையில் தாழை நட்டோம். பிடித்துக்கொண்டது. காய்ந்த கன்றுகள் காய்ந்தவைதான்.

இப்போது ஊரில், பாய் தானாக முன்வந்து தோட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்கிறார்கள். மறுத்து மறுத்து அலுத்துவிட்டேன். இதை யாரிடமாவது சொல்கிறவர்கள் நான் வாய் திறக்காத இரண்டு வருடத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். அல்லாஹ்வுக்குத் தெரிந்தது ஊருக்கும் தெரியட்டும்.