பேரில்லாத பொட்டலம்

கங்கம்மாளப் பத்திச் சொல்லுன்னா எனக்கு மொதல்ல வாயில வர்றது திட்டுதான். காவாந்தண்டலத்துல அவ நடவு நட்டா கயிறு புடிச்ச மாதிரி வரிசை நிக்கும். பதினஞ்சு வயசுல சேத்துல எறங்குனவ. புருஷன் போனப்புறம் அந்தச் சேத்துலயே ஒழைச்சி ரெண்டு பொண்ணையும் கட்டிக் குடுத்தா. நாங்க இருவது பொம்பளைங்க அவ சொன்னா குனிவோம், அவ சொன்னா நிமிருவோம். நாப்பத்தெட்டு வயசுல முட்டி புடிச்சிக்கிச்சி. வரப்பு ஏறவே ரெண்டு பேரு கை குடுக்கணும்.

வாலாஜாபாத்துல சடையப்பன் மருந்துக்கடை. வலின்னா போதும், டாக்டர் சீட்டு கேக்கமாட்டான். மூணு நாலு மாத்திரைய இடிச்சி, காலண்டர் தாள்ல பொட்டலம் கட்டிக் குடுப்பான். நாங்க முக்காவாசி பேரு நாஷ்டா துன்னுட்டு அதப் போட்டுக்கினுதான் வயல்ல எறங்குவோம். கங்காவும் போட்டா. ஒரே வாரத்துல கொமரி கணக்கா நட்டா. ஒரு வருஷம் ஒரு நாள் விடல. மூஞ்சி வட்டமாச்சி, கன்னம் உப்பிச்சி. "இன்னாடி, ஒடம்பு தேறிட்டே, மருமவன் கோழியா அடிச்சிப் போடறானா?"ன்னு ஊரே கிண்டல் பண்ணுச்சி. நானும் சிரிச்சேன். என் வாயில மண்ணு விழ!

இந்த ஆடியில தீ மிதிக்கறேன்னு காப்பு கட்டிக்கினா. காப்பு கட்டிட்டா பத்து நாள் மருந்து தொடமாட்டா. பொட்டலத்த அப்படியே நிறுத்திட்டா. நான் சர்ச்சுக்குப் போறவ, அவங்க கோயில் விஷயத்துல நமக்கு எதுக்குன்னு கம்முனு இருந்தேன். நாலாம் நாள் வாந்தி. ஒடம்பு ஜில்லுனு ஆயி கோயில் வாசல்லயே சரிஞ்சா. சாமி வந்துடுச்சின்னு மஞ்சத்தண்ணி ஊத்தறாங்க! "அடப் பாவிங்களா, அவ சாவறா!"ன்னு கத்தி, ஆட்டோவுல போட்டு வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன்.

டாக்டரம்மா என் மடியில இருந்த பொட்டலம் ஒண்ண வாங்கிப் பிரிச்சாங்க. வெறும் தூள். "டிரிப்ஸ் ஏத்தியும் பிரஷர் ஏறல. இதுல என்ன கலந்திருக்குன்னு தெரியணும், ஓடுங்க"ன்னாங்க.

அதே ரோட்டுலதான் கடை. ஓடுனேன். "அது கடை ரகசியம்மா"ன்றான் சடையப்பன்.

"அங்க உசுரு போவுது, உனுக்கு இன்னாடா ரகசியம்?"

"கத்தாத. போன வருஷம் அவள இட்டுக்கினு வந்தது நீதானே? 'எனக்குக் குடுக்கறதயே குடு'ன்னே. அன்னிக்கி இன்னா மருந்துன்னு கேட்டியா?"

நெஜம். நான்தான் இட்டுக்கினு போனேன். ஆனா கை அடங்கல. மேஜை மேல இருந்த டப்பாவெல்லாம் ஒரே தள்ளு. கூட்டம் சேர்றதப் பாத்துட்டு ரெண்டு அட்டைய எடுத்து வீசுனான், பொறுக்கிப் பய.

"இது வலி மாத்திரை. இது ஸ்டீராய்டு"ன்னாங்க டாக்டரம்மா, நான் கொண்டாந்த அட்டையப் பாத்துட்டு. "தெனம் தின்னா, ஒடம்பு அதத் தானா சுரக்கறத மறந்துடும். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து." அதே மருந்த ஊசியில ஏத்தினாங்க. சாயங்காலம் கண்ணத் தொறந்தா.

மறுநாள் முட்டிக்குத் தடவ ஆஸ்பத்திரியிலயே களிம்பு கலந்து குடுத்தாங்க. டப்பா மேல அவ பேரு, உள்ள இருக்கற மருந்து, அளவு, தேதி எல்லாம் எழுதியிருந்துது. "கலக்கறது தப்பில்லம்மா. சொல்லாம கலக்கறதுதான் தப்பு. வலி மெதுவாதான் கொறையும், ஆறு மாசம் சேத்துல எறங்காதீங்க"ன்னுட்டுப் போனாங்க டாக்டரம்மா.

ஆறு மாசம் அவ இன்னாத்தத் துன்னுவா? அதச் சொல்ல ஆரு கீறாங்க?

அவங்க தலை மறைஞ்சதும் கங்கா என் கையப் புடிச்சா. "பிரிஸ்கில்லா, உன்னாண்ட பொட்டலம் கீதாடி? திங்கக்கெழம நடவு."

"இல்லடி"ன்னேன்.

மடியில இன்னும் ரெண்டு இருந்துது. சாக்கடையில வீசணும்னு கை துடிக்குது. எப்பிடி வீசறது? நானும்தான் மூணு வருஷமா தெனம் துன்னுக்கினு கீறேன்.