கண் வைக்காத சிலை

காரைக்குடியில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இறந்துபோனவரின் புகைப்படத்தோடுதான் வருவார்கள். மார்பளவுச் சிலை, அச்சு அசலாக இருக்க வேண்டும். அதில் எனக்குப் பெயர் உண்டு. மீசை நரை, கழுத்துச் சுருக்கம், எதையும் விடமாட்டேன். நான் செய்த முகமே என்னைப் பயமுறுத்தும் என்று நினைத்ததில்லை.

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். விவசாயியான அவருடைய அப்பா மாரடைப்பில் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

"அம்மா சரியாச் சாப்பிடவே மாட்டேங்கிறாகக்கா. அப்பாவை அப்படியே செஞ்சு குடுத்தீகன்னா மனசு தேறிரும்."

நான்கு புகைப்படங்களும் கைபேசியில் ஒரு சின்ன வீடியோவும் கொடுத்தார்.

களிமண்ணில் முகம் வேகமாக வந்தது. அச்சு எடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று மகனையும் அம்மாவையும் வரச் சொன்னேன். மண் காயாமலிருக்கப் போர்த்தியிருந்த ஈரத்துணியை எடுத்தேன். அந்த அம்மா ஓர் எட்டு முன்னால் வந்தார். உடனே வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கிச் சுவரில் மோதினார்.

"மூடு தாயி, மூடு! இவுக என்னையத்தேன் பாக்குறாக. பாத்துக்கிட்டே ஒண்ணும் பேச மாட்டேங்கிறாக!"

மயங்கிச் சரிந்தவரை மகன் தாங்கிப் பிடித்தார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அவர்கள் போன பிறகு நானும் அந்தத் தலையும் மட்டும். நடுப்பகல்தான், தெருவில் ஆட்டோ ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் துணியை விலக்கக் கை வரவில்லை. விலக்கினேன். பேச வாயெடுத்தவர்போல உதடு பிரிந்திருந்தது, பிரித்தவள் நான்தான். இமைகளை மூடிப் பார்த்தேன், பாடையில் கிடத்திய முகமானது. கண்களை வழித்தெடுத்தேன், அது இன்னும் கோரம். ஒரு மனிதரை இரண்டாம் முறை சாகடித்ததுபோல் உடம்பு சிலிர்த்தது. முழுவதையும் பிசைந்து மண்தொட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றேன்.

கல்லூரியில் சிற்ப வரலாற்றைத் திரையில் படம் படமாகக் காட்டுவார்கள். நரம்பு புடைத்த பளிங்கு உடல்களில் தொடங்கும். வர வர மூக்கு மழுங்கும், கைகால்கள் உடம்போடு ஒட்டும், கடைசியில் முட்டைபோல ஒரு கல் மிஞ்சும். கேமரா வந்தபின் முகத்தைப் பிரதி எடுப்பது சிற்பியின் வேலையாக இல்லை என்றார் ஆசிரியர். செய்யத் தெரியாதவர்கள் சொல்லும் சாக்கு என்று அப்போது எண்ணிக்கொண்டேன். இப்போது மேஜையில் நான்கு புகைப்படங்கள். முகம் அதிலேயே இருக்கிறது. பிறகு நான் எதைச் செய்ய?

வீடியோவைப் போட்டேன். வரப்பில் போகிற அப்பாவை மகன் பின்னாலிருந்து எடுத்தது. இடது தோள் இறங்கி, முன்னால் சாய்ந்த முதுகு. அதை மட்டும் கருங்கல்லில் செதுக்கினேன். தலைக்கு ஒரு மழுங்கல், கையில்லை, காலில்லை. அந்த ஆறு வாரமும் உளி எடுக்கும்போதெல்லாம் அந்த அம்மா சுவரில் மோதிய சத்தம் கேட்டது. இதைப் பார்த்து அவருக்கு மறுபடி ஏதாவது ஆகிவிட்டால்?

குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் இறக்கினோம். மகனின் முகம் மாறியது.

"என்னக்கா இது? அப்பா எங்க இருக்காக இதுல?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டார். விழுந்தால் பிடிக்கலாம் என்று அருகில் போய் நின்றுகொண்டேன். அவர் கல்லை மெதுவாகச் சுற்றி வந்தார். பின்பக்கம் நின்று அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இங்குட்டு நின்னு பாருடா," என்றார் மகனிடம். "எங்கூடக் கோவிச்சுக்கிட்டுப் போறப்ப இப்பிடித்தேன் போவாக."

மகன் வந்து நின்று பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் திருப்பி எடுத்துப்போகச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து போன். எடுக்கவே பயந்தேன்.

"அம்மா அதுமேல துண்டு காயப் போடுறாகக்கா. கல்லுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது, போடச் சொல்லுங்க."