பஞ்சாலையில் பொட்டு வைத்த பலகை

பெங்களூருக்கு ஊர் சுற்றிப் பார்க்கவா போனேன்? யுத்தத்துக்கு முந்தின வருஷம், ஆயுதபூஜைச் சமயம். என் தங்கை வீட்டுக்காரர் முனுசாமி அங்கே ஒரு பஞ்சாலையில் வேலை செய்கிறார். வலது கையில் இரண்டு விரல்களை எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார். காயம் கொஞ்சம் ஆறியதும் அதே எந்திரத்துக்கே திரும்பப் போகிறாராம். "மிச்சக் கையையாவது காப்பாத்திக் குடுண்ணா" என்று தங்கை சொல்லியனுப்பியிருந்தாள்.

ஜோலார்பேட்டையில் காலை வண்டி பிடித்தேன். மூன்றாம் வகுப்பில் உட்கார இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். குப்பம் தாண்டினால் குளிரும், போர்வை கையோடு இருக்கட்டும். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஜட்காக்காரர் எட்டணா கேட்டார், ஆறணாவுக்கு இறங்கினார்.

"மில் லைனுக்கா சார்? யாருக்காவது கை போச்சா?" என்றார்.

தூக்கிவாரிப்போட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஊர்லேர்ந்து மூட்டையோட அங்க போறவங்க எல்லாம் அதுக்குத்தானே போறாங்க."



ஆயுதபூஜை அன்று மட்டும் வெளியாட்களையும் ஆலைக்குள் விடுகிறார்கள். மறுநாள் மாப்பிள்ளை என்னைக் கூட்டிப்போனார். எந்திரங்கள் ஓடவில்லை, எல்லாவற்றுக்கும் மாலை. அவருடைய எந்திரத்துக்கு மேலே ஒரு பலகை. அதன்மேல் சந்தனமும் குங்குமமும் அப்பி, கற்பூரம் காட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையோடு அதைக் கும்பிட்டார்.

"இது என்ன சாமி மாப்பிள்ளை?"

"துரை மாட்டினது மச்சான். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு ஒவ்வொருத்தரையும் இதுக்கு முன்னால நிக்கவெச்சித் தலையாட்டச் சொன்னாரு. தெனமும் கும்புட்டுட்டுத்தான் வேலையத் தொடங்குவோம்."

குங்குமத்துக்கு அடியில் ஆங்கில எழுத்து. பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியாதா? மேல்துண்டால் துடைத்தேன். மேஸ்திரி பதறி ஓடிவந்தார். "அய்யோ ஸ்வாமி, பூஜை பண்ண பலகை!"

"இன்னா மச்சான் எழுதிக்கீது?" என்றார் மாப்பிள்ளை.

எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன். "எந்திரம் ஓடும்போது உருளையைத் துடைக்காதே. நிறுத்திவிட்டுத் துடை."

அவர் விரல் போனது ஓடும் உருளையைத் துடைத்தபோதுதான். அங்கே எல்லாரும் அப்படித்தான் துடைக்கிறார்கள்.  பிறகு மேஸ்திரியே அடுத்த பலகையைத் துடைத்து, "இதையும் சொல்லுங்க சார்" என்றார். தொண்டை வற்றும்வரை ஒவ்வொரு பலகையாகப் படித்தேன். எனக்கு வந்த அசதியும் ஆத்திரமும் இன்னும் போகவில்லை.

உங்கள் ஆட்களும் அங்கே வேலை செய்தால் ஆயுதபூஜைக்கே போங்கள். யார் சத்தம் போட்டாலும் பலகையைத் துடைத்து, தமிழில் உரக்கச் சொல்லுங்கள்.

ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்த மாப்பிள்ளை, மறுநாள் வேலைக்குப் போவதாகச் சொன்னார். நிறுத்திவிட்டுத்தான் துடைப்பேன் என்று தங்கை மேல் சத்தியம் செய்தார். வண்டி நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இம்மாந்தானா மச்சான்? இத ஒருத்தராவது வாயால சொல்லிருக்கக் கூடாதா?"